விவசாயக் கல்வியில் பட்ட மேற்படிப்பு: அகளி மலைநாட்டு மாணவர்க்கு ஒரு விளக்கம்

விவசாய விஞ்ஞானம் என்றவுடன் வீரிய விதை, ரசாயன உரம், பூச்சி மருந்து, மண் பரிசோதனை ஆகியவையே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் ஆராய்ச்சி நிலையத்தில் பிறப்பவை. ஆனால் நிலையத்தில் கண்ட உண்மை உழவனுடைய வயலை அடைவதற்கு இடையே நெடுந்தூரம் உண்டு. அத்தூரத்தைக் கடக்கும் வழிகளை முறையாக ஆராய்ந்து கற்பிக்கும் துறை ஒன்று இருப்பதைப் பலர் அறியார். முன்னாளில் இதனை விவசாய விஸ்தரிப்புக் கல்வி என்றனர். இந்நாளில் வேளாண் விரிவாக்கக் கல்வி என்று வழங்குகின்றனர். இத்துறையில் பட்ட மேற்படிப்புப் பெறுவது எங்ஙனம், அதற்குரிய தகுதிகள் யாவை, அதனால் நாட்டுக்கு விளையும் நன்மை என்ன என்பவற்றைக் கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அகளியை முன்னிறுத்தி இக்கட்டுரையில் விளக்குவோம்.

இத்துறையின் இயல்பு

பயிர் நூல் வல்லுநர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு விதை ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று கண்டறிகிறார். அவ்விதையை ஓர் ஊரில் பத்துப் பேர் ஏற்று, தொண்ணூறு பேர் ஏற்காமற் போனால், அதற்குக் காரணம் என்ன? விலையா, நீர்க் குறைவா, சுவையா, கடன் கிடைக்காமையா, சொன்னவரிடம் நம்பிக்கை இன்மையா? இக்கேள்விக்கு விடை காண்பவர் விரிவாக்கக் கல்வி கற்றவர். ஆகவே பயிர் நூலுடன் மனோதத்துவம், சமூகவியல், கல்வி நூல், புள்ளியியல் ஆகியவையும் இத்துறையில் ஒன்று கூடுகின்றன.

இத்தகைய ஆராய்ச்சிக்கு முன்மாதிரியாக விளங்குவது அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு. கலப்பின மக்காச்சோள விதையை விவசாயிகள் எவ்வாறு ஏற்றுக்கொண்டனர் என்பதை ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து, 1943-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்ட 259 விவசாயிகளுள் இருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் 1928-க்கும் 1941-க்கும் இடையே அவ்விதையைக் கைக்கொண்டிருந்தனர். புதிய விதையைப் பற்றிய செய்தி பெரும்பாலும் விற்பனையாளர் வாயிலாக முதலில் வந்தது. எனினும் அதனை நம்பி விதைக்கலாம் என்ற துணிவைத் தந்தவர் அண்டை வயல்காரரே. செய்தி அறிவது வேறு, நம்புவது வேறு என்னும் இவ்வுண்மை, பின்னர் உலகெங்கும் நடைபெற்ற விரிவாக்க ஆராய்ச்சிகளுக்கு அடிப்படையாயிற்று.

நம் நாட்டில் இக்கல்வி வளர்ந்த வரலாறு

தென்னாட்டில் விவசாயக் கல்வி சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் 1868-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அங்கிருந்த விவசாயப் பள்ளி 1906-ஆம் ஆண்டில் கோயம்புத்தூருக்கு மாற்றப்பெற்றது. கோவைக் கல்லூரி 1920-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்துடன் இணைக்கப்பெற்றது. 1971-ஆம் ஆண்டில் அதுவே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாக மலர்ந்தது. கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணியில் 1955-ஆம் ஆண்டில் விவசாயக் கல்லூரி நிறுவப்பெற்றது. திருச்சூரை அடுத்த வெள்ளானிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகம் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1972-ஆம் ஆண்டில் பணியைத் தொடங்கிற்று.

அகில இந்திய அளவில், 1905-ஆம் ஆண்டில் பீகாரிலுள்ள பூசாவில் தோன்றிய ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்தினால் சேதமுற்றபின், 1936-ஆம் ஆண்டில் தில்லிக்குப் பெயர்ந்தது. இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் என்னும் அந்நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் பல்கலைக் கழகத்திற்கு நிகரான தகுதியைப் பெற்றது. இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் 1929-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகின்றது.

விஸ்தரிப்பு என்னும் சொல் கிராம மக்களின் காதில் விழுந்தது 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமூக நலத் திட்டத்தினாலும், அதற்கடுத்த ஆண்டு அதே நாளில் தொடங்கிய தேசிய விஸ்தரிப்புச் சேவையினாலும் ஆகும். கிராம சேவகர்களைப் பயிற்றுவிக்க ஆசிரியர்கள் வேண்டும். அவ்வாசிரியர்களுக்கு உயர் கல்வி வேண்டும். இத்தேவையிலிருந்தே இத்துறைக்குரிய பட்ட மேற்படிப்புகள் தோன்றின. பிற்காலத்தில், வயலில் நேரடியாகப் பயிற்சி தரும் பொருட்டு வேளாண் அறிவியல் நிலையங்கள் ஏற்பட்டன. அவற்றுள் முதலாவது 1974-ஆம் ஆண்டில் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பெற்றது.

அகளியின் நிலை

அகளி, அட்டப்பாடி மலைப் பள்ளத்தாக்கில் அமைந்த ஊராகும். அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று பஞ்சாயத்துகள் அட்டப்பாடியில் உள்ளன. இருளர், முடுகர், குறும்பர் என்னும் பழங்குடி மக்கள் இங்குத் தொன்றுதொட்டு வாழ்கின்றனர். இவர்களுள் தொகையால் மிக்க இருளரின் பேச்சு, தமிழுக்கு மிக நெருங்கியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரையில் இப்பகுதி சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்நாளில் அகளியும் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியும் ஒரே அரசாங்கத்தின் கீழ் இருந்தன. இன்றோ ஆனைகட்டி வழியே கோவை செல்லும் பாதையில் மாநில எல்லை குறுக்கிடுகின்றது. தம் மாநிலத்துப் பல்கலைக் கழகத்தை நாடுவோர் மறுபுறம் மண்ணார்க்காட்டுக்கு மலைப்பாதையில் இறங்கித் திருச்சூர் நோக்கிச் செல்லல் வேண்டும்.

அட்டப்பாடியின் மேற்குப் பகுதியில் மழை மிகுதி; கிழக்குப் பகுதியோ மலைகளின் மறைவில் மழை குன்றிய நிலம். ஒரே பள்ளத்தாக்கில் இருவகைத் தட்பவெப்பம் நிலவுவதால், ஒருபுறத்திற்குப் பொருந்தும் சாகுபடி முறை மறுபுறத்திற்குப் பொருந்துவதில்லை. கேழ்வரகு, சாமை, தினை முதலிய சிறுதானியங்களும், துவரை, அவரை முதலிய பயறு வகைகளும் பழங்குடியினரின் கலப்புப் பயிர்களாக இருந்து வந்துள்ளன. ஆட்டின் கொம்புபோல் வளைந்த காயையுடைய அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரைக்கும், அட்டப்பாடித் துவரைக்கும் 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. கற்றறிந்த வல்லுநர் வருவதற்குப் பல தலைமுறை முன்னரே இவ்விதைகளைத் தெரிந்தெடுத்துக் காத்தவர் இம்மலை உழவர்களே என்பதற்கு இது சான்று.

ஆயினும் நிலம் கைமாறியமையாலும் காடு அழிந்தமையாலும் இச்சாகுபடி சுருங்கியது. உணவு முறையும் மாறிற்று. 2013-ஆம் ஆண்டில் ஊட்டக் குறைவுடன் தொடர்புடைய சிசு மரணங்களால் அட்டப்பாடியின் பெயர் நாடெங்கும் துயரத்துடன் பேசப்பட்டது. அதன்பின் 2017-ஆம் ஆண்டில் சிறுதானிய கிராமம் என்னும் திட்டத்தைக் கேரள அரசு இங்குத் தொடங்கி, கேழ்வரகு முதலியவற்றை மீண்டும் பயிரிட ஊக்கமளித்தது. அதற்கு முன்னரே, 1996-ஆம் ஆண்டில் ஜப்பானியக் கடனுதவி பெற்ற சுற்றுச்சூழல் மீட்புத் திட்டம் ஒன்று, அகளியிலிருந்த அட்டப்பாடி மலைப்பகுதி வளர்ச்சிச் சங்கத்தின் வாயிலாக நடைபெற்றது. ஊர்தோறும் மக்கள் குழு அமைத்து அவர்களைக் கொண்டே வேலை நடத்தியது அத்திட்டத்தின் சிறப்பியல்பு.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். அட்டப்பாடியில் விதையும் நிதியும் மட்டும் போதா. ஊர் மூப்பனிடம் அமர்ந்து பேசவும், பெண்கள் காக்கும் விதைப் பானையைப் பற்றிக் கேட்டறியவும், ஆராய்ச்சி நிலையத்தின் சொல்லை அவர்தம் பேச்சிலே எடுத்துரைக்கவும், அவர்தம் சொல்லை ஆராய்ச்சி நிலையத்திற்குக் கொண்டு செல்லவும் வல்லவர் வேண்டும். அந்த ஊர்களில் பிறந்த இளைஞரும் மகளிருமே இப்பணிக்கு இயல்பாகப் பொருந்துவர். அவர்கள் முதுநிலைப் பட்டம் வரை செல்லும் வழியை இனிக் காண்போம்.

முதற்படி: இளநிலைப் பட்டம்

விவசாயத் துறைகளில் பட்ட மேற்படிப்புக்கு வாயிலாக அமைவது நான்கு ஆண்டு இளநிலை விவசாயப் பட்டமாகும். சாதாரணக் கலைக் கல்லூரியில் தாவரவியல் அல்லது விலங்கியலில் மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர், அதனைக் கொண்டே விரிவாக்கத் துறையின் முதுநிலை விவசாய வகுப்பில் சேரலாம் என்று எண்ணி ஏமாறுதல் கூடாது. இதனைப் பன்னிரண்டாம் வகுப்பிலேயே அறிந்திருப்பது நலம்; ஏனெனில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய பாடங்களை அப்போதே எடுத்திருத்தல் அவசியமாகின்றது.

இளநிலைச் சேர்க்கை முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கேரளத்தில் மருத்துவப் படிப்புக்குரிய நீட் தேர்வில் பெற்ற தகுதியை அடிப்படையாகக் கொண்டு, மாநில நுழைவுத் தேர்வு ஆணையாளர் விவசாயப் பட்ட வகுப்புக்கு மாணவரைத் தெரிந்தெடுக்கிறார். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே அடிப்படை. இவையன்றி, ஒவ்வொரு விவசாயப் பல்கலைக் கழகத்திலும் ஒரு பங்கு இடங்கள் அகில இந்தியப் போட்டிக்கென ஒதுக்கப்படுகின்றன. 2023-ஆம் ஆண்டு முதல் இவை பல்கலைக் கழகப் பொது நுழைவுத் தேர்வின் வாயிலாக நிரப்பப்பெறுகின்றன.

இளநிலை வகுப்பின் இறுதியாண்டில் மாணவர் கிராமத்தில் தங்கி, உழவர் குடும்பங்களுடன் பழகிப் பயிற்சி பெறும் ஊரக வேளாண்மைப் பணி அனுபவம் என்னும் பகுதி உண்டு. விரிவாக்கத் துறையில் நாட்டமுள்ளவர் இதனை வெறும் சடங்காகக் கருதாமல், பின்னர் ஆராய வேண்டிய கேள்விகளைத் திரட்டும் வாய்ப்பாகக் கொள்ள வேண்டும்.

முதுநிலை வகுப்பில் சேரும் தகுதி

முதுநிலைச் சேர்க்கைக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, அந்தந்தப் பல்கலைக் கழகம் தானே வெளியிடும் அறிவிப்பின்படி விண்ணப்பித்தல். மற்றொன்று, இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வை எழுதுதல். இவ்விரண்டாம் வழியில் பொதுவாக வேண்டப்படும் தகுதிகள் வருமாறு:

முதலாவதாக, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் உரிய துறையில் இளநிலைப் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். தனியார் கல்லூரியில் சேருவோர், அக்கல்லூரிக்கு ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்பதை முன்னரே விசாரித்து அறிதல் இன்றியமையாதது. நான்கு ஆண்டு உழைப்பும் பொருளும் இவ்வொன்றினால் வீணாகக் கூடும்.

இரண்டாவதாக, பொதுப் பிரிவினர் 60 சதவிகித மதிப்பெண்ணோ அதற்கு நிகரான தரப் புள்ளியோ பெற்றிருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு இது 50 சதவிகிதமாகத் தளர்த்தப்பட்டுள்ளது.

மூன்றாவதாக, மாணவர் குறைந்தது 19 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, தேர்வில் தம் துறைக்குரிய பாடத் தொகுதியைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். விரிவாக்கக் கல்வி, சமூக அறிவியல் தொகுதியைச் சேர்ந்தது. வினாக்கள் தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தெரிந்து குறிக்கும் முறையில் அமைகின்றன. பிழையான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதால், ஊகத்தினால் விடை குறிப்பது தீங்காக முடியும். விதிகளில் ஆண்டுதோறும் சிறு மாற்றங்கள் செய்யப்படுவதால், அவ்வாண்டின் அறிவிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

மாநில எல்லையும் சாதிச் சான்றிதழும்

அகளி மாணவர் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இருளர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழங்குடிப் பட்டியலில் இடம் பெற்றவர்கள். ஆகவே அகளியில் பிறந்த இருளர் மாணவர் கோவைக்குச் சென்றால், அங்கும் மாநில ஒதுக்கீடு கிடைக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் சட்டம் அவ்வாறில்லை. கல்வியின் பொருட்டு வேறு மாநிலம் செல்லும் பழங்குடியினர், தம் பிறப்பு மாநிலத்தின் பழங்குடியினராகவே கருதப்படுவர்; அம்மாநிலம் தரும் சலுகைகளுக்கே உரியவர் ஆவர்; சென்று சேர்ந்த மாநிலத்தின் சலுகைகளைக் கோர இயலாது. 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இக்கருத்தை உறுதிப்படுத்தியுள்ளது.

எனவே கேரளச் சான்றிதழ் பெற்ற மாணவர் கேரள வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் மாநில ஒதுக்கீட்டைப் பெறலாம். கோவையிலோ தில்லியிலோ சேர விரும்பினால், அகில இந்தியத் தேர்வு வழியே செல்லுதல் தக்கது. ஏனெனில் அவ்விடங்களில் மத்திய அரசின் விதிப்படி பழங்குடியினர்க்கு 7.5 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில் உரிய அதிகாரியிடம் பெற்ற சான்றிதழ் வேண்டும். விண்ணப்பக் காலம் நெருங்கிய பின் இதனைத் தேடி அலையாமல், இளநிலை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே பெற்று வைத்துக்கொள்வது நன்று. பெயரின் எழுத்து பள்ளிச் சான்றிதழில் ஒருவாறும், சாதிச் சான்றிதழில் மற்றொருவாறும் இருந்தால் அதனையும் முன்கூட்டியே திருத்திக்கொள்ள வேண்டும். தமிழ் வழங்கும் ஊரில் பிறந்து, மலையாளத்தில் ஆவணம் பெற்று, ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும் மாணவர்க்கு இவ்வெழுத்து வேறுபாடு எளிதில் நேரக்கூடியது.

பாடங்களும் ஆராய்ச்சியும்

முதுநிலை வகுப்பு இரண்டு ஆண்டுகள் கொண்டது. 2021-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி மொத்தம் 70 பாட அலகுகளை மாணவர் நிறைவு செய்தல் வேண்டும். அவற்றுள் முதன்மைப் பாடங்களுக்கு 20, துணைப் பாடங்களுக்கு 8, ஆதரவுப் பாடங்களுக்கு 6, பொதுப் பாடங்களுக்கு 5, கருத்தரங்குக்கு 1, ஆராய்ச்சிக் கட்டுரைக்கு 30 என அலகுகள் பகுக்கப்பட்டுள்ளன. மக்களின் பழக்க மாறுதல், நிறுவனங்களின் அமைப்பு, ஆராய்ச்சி முறை, பயிற்சி அளிக்கும் திறன், தகவல் தொடர்புச் சாதனங்கள், திட்டப் பயன்களை மதிப்பிடுதல் ஆகியவை முதன்மைப் பாடங்களுள் அடங்கும். மொத்த அலகுகளில் ஏறத்தாழ ஏழில் மூன்று பங்கு ஆராய்ச்சிக்கே உரியது என்பதனால், எதை ஆராய்வது என்னும் தெரிவு மிக முக்கியமானதாகும்.

அட்டப்பாடி மாணவர்க்கு இங்கே குறைவில்லை. உதாரணமாக, சிறுதானியத்தை மீண்டும் பயிரிட்ட குடும்பங்கள், அதனைத் தம் வீட்டில் உண்கின்றனவா, விற்றுவிடுகின்றனவா என்பதை ஆராயலாம். விற்றுவிட்டால், விளைச்சல் பெருகியும் குழந்தையின் ஊட்டம் பெருகாது. புவிசார் குறியீடு கிடைத்த பின் துவரை விலையில் உழவர் பங்கு உயர்ந்ததா என்று காணலாம். மேற்கிலும் கிழக்கிலும் ஒரே பரிந்துரை தரப்பட்டால் எங்கே அது கைவிடப்படுகிறது என்று ஒப்பிடலாம். இத்தகைய ஆய்வில் மொழி ஒரு சிறு செய்தியன்று. புரியாத மொழியில் அதிகாரி கேட்கும் கேள்விக்கு, மரியாதையின் பொருட்டு ‘ஆம்’ என்று தலையசைப்பது மலை மக்களிடம் மட்டுமன்றி எங்கும் காண்பதே. அந்த ‘ஆம்’ என்பதைப் புள்ளி விவரமாக எழுதிக்கொண்டால், அதன்மேல் எழுப்பும் முடிவு அனைத்தும் பிழையாகும். பேச்சறிந்த ஆராய்ச்சியாளர் இப்பிழையை முதலிலேயே களைந்துவிடுவார்.

உதவித் தொகையும் பணி வாய்ப்பும்

அகில இந்தியத் தேர்வில் உயர்ந்த இடம் பெறுவோர்க்கு இந்திய விவசாய ஆராய்ச்சிக் கழகம் முதுநிலை உதவித் தொகை அளிக்கின்றது. தம் மாநிலத்தை விட்டு வேறு மாநிலத்தில் இத்தேர்வு வழியே சேருவோர்க்குத் தேசியத் திறன் உதவித் தொகையும் உண்டு. அகளி மாணவர் கோவையில் சேர்ந்தால், ஊருக்கு அருகே இருந்தும் வேறு மாநிலத்தில் பயில்பவராகவே கொள்ளப்படுவார். மேற்கண்ட எல்லைச் சிக்கல் இங்கு நன்மையாக அமைகின்றது. பழங்குடி மாணவர்க்குப் பள்ளிப் படிப்புக்குப் பிற்பட்ட கல்விக்குரிய உதவித் தொகையும், டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு மத்திய பழங்குடி நல அமைச்சகம் ஆண்டுதோறும் வழங்கும் 750 ஆராய்ச்சி உதவித் தொகைகளும் உள்ளன.

முதுநிலைப் பட்டம் பெற்றவர், மாநில விவசாய இலாகாவிலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும், வங்கிகளிலும், கூட்டுறவு அமைப்புகளிலும் பணி பெறலாம். பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக விரும்புவோர் தேசியத் தகுதித் தேர்வு, டாக்டர் பட்டம் ஆகியவற்றை நோக்கி முன்னேற வேண்டும். டாக்டர் பட்டத்திற்குரிய 100 அலகுகளுள் 75 ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உரியவை.

அயல் நாட்டில் பயில விரும்புவோர் ஒரு வேறுபாட்டை அறிய வேண்டும். அமெரிக்காவில் விவசாயக் கல்வி என்பது பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளிகளில் விவசாயம் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவதையும் உள்ளடக்கியது. 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டத்தினால் நிலக்கொடை பெற்ற கல்லூரிகளும், பள்ளிகளில் தொழிற் கல்விக்கு உதவிய 1917-ஆம் ஆண்டின் சட்டமும் அதற்கு அடிப்படை. அங்குச் சேர நான்கு ஆண்டுப் பட்டம், ஆங்கிலத் தகுதித் தேர்வு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், தம் ஆராய்ச்சி நோக்கத்தை விளக்கும் கட்டுரை ஆகியவை பொதுவாக வேண்டப்படும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்

பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கணக்கிட்டால் முதுநிலைப் பட்டம் பெற ஆறு ஆண்டுகள் ஆகும். கூலி வேலையால் வாழும் குடும்பத்திற்கு இது நீண்ட காலம். இடையே படிப்பை நிறுத்தும் எண்ணம் எழுவதும் இயல்பே. எந்தப் பாடம் எடுப்பது, எந்தச் சான்றிதழ் வேண்டும், எந்த உதவித் தொகைக்கு எப்போது எழுதுவது என்பவற்றை உரிய காலத்தில் சொல்ல ஒருவர் இருந்தால், அவ்வெண்ணம் பெரும்பாலும் விலகும். மலைநாட்டுப் பள்ளி ஆசிரியர்களும், விவசாய இலாகா ஊழியர்களும் ஒவ்வொரு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவரை ஒருமுறை கூட்டி இச்செய்திகளை அவர்தம் பேச்சிலேயே விளக்கிச் சொல்வார்களாயின், அதற்கு ஆகும் செலவு ஒரு பிற்பகல் நேரமே. விரிவாக்கக் கல்வியின் முதற்பாடமும் அதுவே.